பாப்பாயி கண்ணும் செல்லமுத்து காலும்

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் இருபத்து நான்கு வருடமாக முட்டை பார்க்கிறாள் பாப்பாயி. முட்டை பார்ப்பது என்றால் வேடிக்கை பார்ப்பது அல்ல. ஜன்னல் இல்லாத ஓர் அறை, கதவைச் சாத்தினால் நம் கை நமக்கே தெரியாது. நடுவில் மேசை, மேசைக்கு அடியில் விளக்கு. அந்த விளக்குக்கு மேலே முட்டைகள் உருண்டு வரும். வெளிச்சம் முட்டையோட்டைத் தாண்டி வரும்போது உள்ளே இருக்கும் குறையெல்லாம் தெரிந்துவிடும். மயிரிழை விரிசல், ரத்தப் பொட்டு, கலங்கின மஞ்சள் கரு. கப்பலேறிப் போகிற முட்டை என்பதால் ஒன்று தப்பினாலும் மொத்தமும் திரும்பி வந்துவிடும் என்று முதலாளிக்குப் பயம். பாப்பாயி மேசையில் இருந்தால் அந்தப் பயம் அவருக்குக் கிடையாது.

அந்தக் கண்ணை அவளால் பண்ணையிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவும் முடிவதில்லை. வெண்ணந்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவள், முகூர்த்தப் புடவையைக் கையில் வாங்கியதுமே, "முந்தியில ஒரு இழை உட்டுப் போச்சுங்களே" என்றாள். நெய்தவர்களே வீட்டில் இருந்தார்கள். அரைமணி நேரம் சண்டை நடந்தது. பிறகு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தால் இழை இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாப்பாயிக்கு யாரும் புடவை காட்டுவதில்லை. காப்பி மட்டும் கொடுக்கிறார்கள்.

இவள் புருஷன் செல்லமுத்து முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். நாக்பூர், கான்பூர், கவுகாத்தி என்று சுற்றிவிட்டு மாதத்துக்கு நாலு நாள் வீட்டில் இருப்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போதும் டிரைவரோடு சேர்ந்து அவரும் பஸ்ஸை ஓட்டுவார். வளைவு வந்தால் வலது கால் பிரேக்கை அழுத்தும். இல்லாத பிரேக்கைத்தான். அழுத்தி அழுத்தி முன் சீட்டுக்காரரின் பையை நசுக்கியதும் உண்டு. "ஏனுங்க, டிக்கெட் எடுத்தவங்க நாம. அவரே ஓட்டிக்குவாரு, உடுங்க" என்று பாப்பாயி தொடையில் தட்டுவாள். கால் இரண்டு நிமிடம் சும்மா இருக்கும். மூன்றாவது நிமிடம் மறுபடி அழுத்தும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தர்மபுரியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கியது. லாரிக்காரர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டு இறங்குகிற இறக்கம் அது. பாப்பாயி வழக்கம்போல அவர் தொடையில் தட்டக் கையைத் தூக்கினாள். கால் அசையவே இல்லை. வளைவு வந்தது, போனது. இன்னொரு வளைவும் வந்து போனது. கால் அதுபாட்டுக்குச் செருப்பில் கிடந்தது.

"ஏனுங்க, ரோடு தெரியுதுங்களா?"

"தெரியாம என்ன. தெரியுது."

பொய். மறுநாளே சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை நோய் கண்ணுக்குப் பின்னால் போய் வேலையைக் காட்டியிருந்தது. வலது கண் முழுக்கப் போயிற்று. இடது கண்ணில் கொஞ்சம் மிச்சம். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது வராது என்றார் டாக்டர். நல்ல வெளிச்சம் இருந்தால் ஓரளவு தெரியும், மங்கலில் ஒன்றும் தெரியாது. லாரிச் சாவி அன்றோடு ஆணியில் தொங்க ஆரம்பித்தது. பிறகு லாரியே கைமாறிப் போனது. செல்லமுத்து ஒரு வார்த்தை புலம்பவில்லை. யார் எதைக் கேட்டாலும் "தெரியுது, தெரியுது" என்பார். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டும் அதைத்தான் சொல்வார்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் செல்போன். ஓடுகிற லாரியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனை வைத்து ரோட்டைப் படம் பிடித்துப் போடுகிற டிரைவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வீடியோக்களைப் போட்டுக்கொண்டு போனை மூக்குக்கு நேராகப் பிடித்திருப்பார். பாதி நேரம் மூக்கு நுனி பட்டு வீடியோ மாறிவிடும். நாக்பூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று யாரோ ஒரு அம்மா பிரியாணிக்கு வெங்காயம் வதக்குகிற இடத்தில் போய் நிற்பார். பாப்பாயி முதலில் சிரித்தாள். பிறகு ஒரு நாள், வெங்காயம் வதங்கி முடியும் வரைக்கும் அவர் அதைத்தான் ரோடு என்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய டிவி வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். வீட்டில் இருந்த பழைய டிவியும் சின்னது, நிறம் வெளுத்தது. பாப்பாயிக்குச் சீரியல் வேண்டாம், பாட்டு வேண்டாம். இந்த மனுசன் மறுபடியும் ரோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓசூரில் இருக்கும் மகள் சத்யபிரியாவுக்குப் போன் போட்டாள். மகள் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அம்மா, ஓஎல்இடிதான் வாங்கோணும். கடக்காரன் வேற எதையாச்சும் தலையில கட்டுவான், ஏமாந்துறாத."

"என்னையா கண்ணு ஏமாத்துவான்?" என்றாள் பாப்பாயி.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் புருஷனோடு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். ஐந்து ரோட்டுப் பக்கம் மூன்று மாடிக் கடை. டிவி இருக்கிற மாடிக்குப் போனால் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே அருவி. முருகானந்தம் என்று ஒருவர் வந்து கைகூப்பினார். நாற்பது வயது இருக்கும், அந்த மாடிக்கு அவர்தான் பொறுப்பு. பொறுமைசாலி. அன்றைக்கு அது அவருக்குத் தேவைப்பட்டது.

"இது சாதா எல்இடிங்க. பின்னாடி வெளக்கு இருக்கும், முன்னாடி இருக்கற திரை வேணுங்கற எடத்துல வெளிச்சத்த உடும், வேண்டாத எடத்துல மறைக்கும். இது கியூஎல்இடி, அதே வெளக்குதான், கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

பாப்பாயிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "எங்க பண்ணையில மேசைக்கு அடியில வெளக்கு. இதுல முதுகுல வெளக்கு. அவ்வளவுதானுங்களே தம்பி?"

"அவ்வளவேதானுங்க!" முருகானந்தம் அசந்துபோனார். எட்டு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் அது புரிந்ததில்லை.

"ஆனா முழுசா மறைக்கலீங்களே. வலது பக்கம் மேல் மூலையில கசியுது பாருங்க. சித்த அந்தக் கிளிய நிறுத்திட்டுக் கறுப்பாப் போடுங்க."

போட்டார். மூலையில் பால் சிந்தியதைப் போல ஒரு வெளுப்பு இருந்தது. முருகானந்தம் கிட்டப்போய்ப் பார்த்தார், எட்டிநின்று பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அடுத்த டிவியில் நடுவில் ஓர் அழுக்குப் பட்டை என்றாள். அதற்கடுத்ததில் ஓரமாக ஒரு புள்ளி எரியவில்லை என்றாள். கடையில் வேலை செய்கிற மற்றவர்களும் கூடிவிட்டார்கள். அவள் கை காட்டிய இடத்திலெல்லாம் குறை இருந்தது. அதுவரைக்கும் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. செல்லமுத்துவுக்கு ஒரே பெருமை. "என்ர ஊட்டுக்காரி முட்டை பாக்கறவ" என்று பக்கத்தில் நின்ற யாரிடமோ சொன்னார். அது ஆளில்லை, ஓர் அட்டைப் பொம்மை.

மாடியின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில், ஒரு டிவி கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. "இது மினி எல்இடிங்க. முதுகுல ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி வெளக்கு. பகல்ல கதவத் தெறந்து வெச்சுட்டுப் பாத்தாலும் பளிச்சுனு தெரியும்."

பாப்பாயி ஒரு நொடிதான் பார்த்தாள். இருட்டு வானத்தில் ஒரு விளக்கு வரும் காட்சி. விளக்கைச் சுற்றிப் புகைபோல ஒரு வளையம். "இது கரு கலங்கின முட்டைங்க. வேண்டாம்" என்று கையை வீசிவிட்டு நடந்தாள்.

"அப்ப உங்களுக்கு ஓஎல்இடிதானுங்க சரிப்படும். அதுக்கு முதுகுல வெளக்கே இல்ல. ஒவ்வொரு புள்ளியும் அதுவா எரியும், அதுவா அணையும்."

"இருட்டுல பாக்கோணுமே."

அதற்கும் கடையில் ஓர் அறை இருந்தது. கறுப்புத் திரை போட்ட, சோபா போட்ட அறை. கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும் பாப்பாயிக்குப் பண்ணையில் இருப்பதைப் போல உடம்பு இதமாகிவிட்டது. படம் வந்தது. இரவில் ஒரு மலைப்பாதை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தூரத்தில் ஒரு லாரியின் இரண்டு விளக்குகள் வந்தன. சுற்றிலும் துளி கசிவில்லை. இலை இலையாக மரம் தெரிந்தது. அவள் மூலையைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வாய் அடைத்துப்போய் நின்றாள். விரிசலே இல்லாத ஒன்றை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்க்கிறாள். நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"நெம்ப அருமையா இருக்குது புள்ள. இதையே எடுத்துரலாம்" என்றார் செல்லமுத்து.

முருகானந்தம் பெருமூச்சு விட்டார். பில் போடச் சொல்ல வெளியே திரும்பினார்.

மகிழ்ச்சியில் பாப்பாயி புருஷனைப் பார்த்தாள். இருட்டில் பார்க்கப் பழகின கண் அல்லவா, அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. திரையில் லாரி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் முகம் திரைக்கு நேராக இல்லை. சத்தம் வருகிற பெட்டியின் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் பார்வை கீழே இறங்கியது. வலது கால் செருப்பில் சும்மா கிடந்தது. இன்னொரு வளைவு வந்தது. கால் அசையவில்லை.

"ஏனுங்க, தெரியுதுங்களா?"

"தெரியுது, தெரியுது. வண்டி போகுது."

பாப்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன காரியம் செய்தோம் என்று நினைத்தாள். டிவியை முட்டை என்று நினைத்துக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இருட்டில் அவருக்கு எது தெரியும்? மங்கலில் ஒன்றும் தெரியாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவளே அவள்தான். ஒரு மணி நேரமாக அவருக்கு டிவி பார்க்கவில்லை, தன் கண்ணுக்குப் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

ஆனால் அதை அங்கே சொல்ல முடியுமா? முருகானந்தத்தின் முன்னால், அந்தப் பெருமைக்கார மனுசனை, உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று?

"தம்பி, எனக்குக் கண்ணு வலிக்குதுங்க" என்றாள் சத்தமாக. "இந்த இருட்டு எனக்கு ஒத்துக்கல. வெளிச்சத்துல பாக்கலாம்."

இருபத்து நான்கு வருடம் இருட்டில் உட்கார்ந்து சம்பாதித்தவள் சொன்ன பொய் அது. முருகானந்தம் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

வெளியே வந்ததும் ஒரு நாற்காலி கேட்டாள். செல்லமுத்துவை அதில் உட்காரவைத்தாள். கிளியும் அருவியும் வேண்டாம், லாரி ரோடு வீடியோ போடுங்கள் என்றாள். எந்த ரோடு என்று கேட்டார்கள். தொப்பூர் என்றாள். நாற்காலியை டிவிக்கு முன்னால் நாலடியில் போட்டாள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்று, புருஷன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, டிவி இந்தப் பக்கங்க" என்றார் முருகானந்தம்.

"தெரியுதுங்க தம்பி. நீங்க போடுங்க."

முதல் டிவியில் கால் அசையவில்லை. அடுத்ததில் கட்டைவிரல் லேசாகத் தூக்கியது, பிறகு படுத்துவிட்டது. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு டிவியிலும் அவர் "தெரியுது, நல்லா இருக்குது" என்றார். அவர் வாய் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்ததுக்குப் போனாள். கடைசியில் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கையை வீசிக் கழித்துவிட்ட அந்தக் கலங்கின கருவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வெயில் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் திரை மங்காமல் எரிந்தது. வெளிச்சத்தை இன்னும் கூட்டச் சொன்னாள். முருகானந்தம் கூட்டினார்.

ரோடு ஓடியது. பாப்பாயி காலைப் பார்த்தாள்.

முதலில் இடது கால் நகர்ந்தது. கிளட்ச். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலது கால் முன்னால் போய் நின்றது, பிறகு நன்றாக, தரையே தேய்கிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தியது.

"என்னடா இவன்!" செல்லமுத்து நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். "ரெட்டைப் பாலம் வருது, நியூட்ரல்ல எறக்கறான்! டீசலு மிச்சம் புடிக்கறானாமா? கியரப் போட்றா கிறுக்குப் பயலே!"

மாடியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று முருகானந்தம் நினைத்திருப்பார், ஏசிக்குள் அது எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை.

"இதையே குடுத்துருங்க தம்பி."

"அம்மா, இதுல அந்த வளையம்..."

"இருந்துட்டுப் போகுதுங்க."

மகள் அன்று சாயங்காலமே போனில் கத்தினாள். "ஏம்மா, அவ்வளவு தூரம் சொன்னேன், ஓஎல்இடி ஏன் எடுக்கல?"

"நெம்ப இருட்டு கண்ணு. எனக்குப் புடிக்கல." ஒரே நாளில் இரண்டாவது பொய். இந்தத் தடவை இன்னும் சுலபமாக வந்தது.

இரண்டு நாளில் டிவி வீட்டுச் சுவரில் ஏறியது. வாசல் கதவு திறந்தே கிடக்கிற வீடு, சாயங்கால வெயில் நேராக உள்ளே வரும். அந்த வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செல்லமுத்து தினம் ஒரு ஊருக்குப் போய்வருகிறார். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் வந்து பார்த்தபோது அவளிடம், "பாப்பாயி கண்ணு பாத்து எடுத்ததாக்கும். ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். பாப்பாயி வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவள் கண்ணுக்கு ஏழு குறை தெரிந்திருந்தது. இடது மூலையில் ஒரு வெளுப்பு வேறு புதிதாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இருட்டு ரோட்டில் விளக்கு வரும்போதெல்லாம் அந்த வளையமும் கூடவே வரும். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தெரியாமல் போகாது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். அவள் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது வெண்ணந்தூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து வந்து காப்பியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஏதோ வடக்கத்தி மலை ரோடு.

"அந்த இருட்டு ரூம்ல இருந்த டிவிதான உனக்குப் புடிச்சுது?" என்றார் செல்லமுத்து, கண்ணை எடுக்காமல்.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"முப்பத்தி நாலு வருசத்துல நீ ஒண்ணப் பாத்துட்டுக் குறை சொல்லாம நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான். எனக்குப் படம் எங்க தெரிஞ்சுது? நீ வாயத் தெறக்காம நின்னதுதான் தெரிஞ்சுது. அதான் நானும், அருமையா இருக்குது, எடுத்துரலாம்னு சொன்னேன். நீயாச்சும் பாப்பேன்னு."

பாப்பாயிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மூன்றாவதாக ஒரு பொய்யைத் தேடினாள், கிடைக்கவில்லை. இந்த மனுசன்மேல் இவ்வளவு ஆசை தனக்குள் மிச்சம் இருக்கிறது என்பது அந்த வயதில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

திரையில் ரோடு சரிந்து இறங்கியது. தூரத்தில் ஒரு விளக்கு, விளக்கைச் சுற்றி அந்த வளையம்.

"வளைவு வருதுங்க" என்றாள்.

"தெரியுது புள்ள" என்றார். அவள் சொல்வதற்கு முன்பே அவர் கால் அழுத்தியிருந்தது.